திறந்தவரே மூட வேண்டும்

அந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் லிஃப்ட் மூன்று நாளைக்கு ஒரு தடவை செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தது. ஒன்பது மாடி, எழுபத்திரண்டு வீடு, எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த ஒரே ஒரு லிஃப்ட். கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். கயிற்றைப் பார்த்தார்கள், மோட்டாரைத் தட்டிப் பார்த்தார்கள், "ஆட்கள் அதிகமாக ஏறி இறங்குவதே காரணம்" என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். லிஃப்டில் ஏறி இறங்காமல் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டா நிற்பார்கள் என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

உண்மையான காரணத்தைக் கண்டுபிடித்தவர் அதே கட்டடத்தில் ஒன்பதாம் மாடியில் அக்காவோடு குடியிருந்த ஒரு லிஃப்ட் மெக்கானிக். அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் மெஷினில் படுக்க வேண்டும். சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். அவள் உள்ளே படுத்திருந்த நேரமெல்லாம் தம்பி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, லிஃப்டை இயக்கும் கணினிப் பெட்டிக்குள் ஓடுகிற நிரலை, அதாவது புரோகிராமை, படித்தார். ஓப்பன் சோர்ஸ் என்கிறார்களே, அந்த ரகம். யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம் என்று ஊருக்குப் பொதுவாக வைத்திருந்தார்கள். வைத்தார்களே தவிர, படிக்க ஒருவன் வந்துவிடுவான் என்று எதிர்பார்க்கவில்லை. முதல் மூன்று மாதம் மெக்கானிக்குக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த மூன்று மாதம் தூக்கம் வந்தது. எட்டாவது மாதம் விஷயம் பிடிபட்டது.

விஷயம் ரொம்பச் சின்னது. லிஃப்ட் ஒவ்வொரு தடவை ஓடும்போதும் நிரல் ஒரு கோப்பைத் திறந்து, எத்தனை மணிக்கு எந்த மாடி என்று எழுதிக்கொள்கிறது. எழுதி முடித்தால் மூட வேண்டும் அல்லவா? மூடுவதில்லை. அப்படியே விட்டுவிட்டு அடுத்த ஓட்டத்துக்கு இன்னொரு கோப்பைத் திறக்கிறது. அந்தப் பெட்டி ஒரே சமயத்தில் ஆயிரத்து இருபத்து நான்கு கோப்புகளைத்தான் திறந்து வைத்திருக்கும். அதற்குமேல் கை கொள்ளாமல் நின்றுவிடும், பெரும்பாலும் இரண்டு மாடிக்கு நடுவில். சுவிட்சை அணைத்துப் போட்டால் எல்லாக் கோப்பும் மூடிக்கொண்டு கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும்.

பெட்டி தரைத்தளத்தில் லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. அதன் முகத்தில் ஓட்டக் கணக்கு ஓடும். மெக்கானிக் காலையும் மாலையும் அந்த எண்ணைப் பார்த்துச் சாக்குக்கட்டியால் சுவரில் எழுதுவார். அடுத்துப் பார்ப்பதற்குள் தொள்ளாயிரத்தைத் தாண்டும் என்று தோன்றினால் சுவிட்சை அணைத்துப் போடுவார். இருபது விநாடி வேலை. அதற்குப் பிறகு லிஃப்ட் நிற்கவே இல்லை. கட்டடத்துக்காரர்கள் நன்றிக்கடனாக அவருக்கு "எண்ணி" என்று பட்டப்பேர் வைத்தார்கள்.

"எனக்கு மெஷின், உன் லிஃப்டுக்குச் சுவிட்ச். ரெண்டு பேரும் ஒரே வார்டுதான்டா" என்பாள் அக்கா.

திருத்தமும் சின்னதுதான். எழுதுகிற வரிக்குக் கீழே ஒரு வரி. அந்த வரியில் ஒரே ஒரு சொல்: மூடு. ஆனால் அந்த ஒரு சொல்லை எழுதிப் பெட்டிக்குள் போட மெக்கானிக்கால் முடியாது. நிரலைப் படிக்கலாம், திருத்தலாம். பெட்டி அதை ஓட்ட வேண்டும் என்றால் மட்டும், அதற்குப் பொறுப்பான பொது நிரல் அறமன்றத்தின் முத்திரை இருக்க வேண்டும். சமையலறையை ஊருக்கே திறந்துவிட்டு அடுப்பை மட்டும் பூட்டி வைத்த மாதிரி. அதே பெட்டி வைத்த லிஃப்டுகள் இன்னும் நாலாயிரம் இருந்தன. அவற்றுக்கெல்லாம் பக்கத்தில் சாக்குக்கட்டியோடு நிற்க ஆள் இல்லை.

"போய்க் குடுத்துட்டு வா. ஒரு வார்த்தைதானே, வாங்கிக்க மாட்டாங்களா?" என்றாள் அக்கா.

"ஒரு மணி நேரத்துல வந்துடுவேன்க்கா."

"ஆபீஸுக்குப் போறே. சாப்பாடு கட்டிக்கிட்டுப் போ."

அறமன்றம் நான்கு மாடிக் கட்டடத்தில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் மெக்கானிக் பார்த்தது லிஃப்டைத்தான், தொழில் புத்தி. கதவு பளபளவென்று இருந்தது. பக்கத்தில் அதே பெட்டி. அதன் முகத்தில் ஓட்டக் கணக்கு ஆறு என்று காட்டியது. அவர் பொத்தானை அழுத்தப் போனபோது மன்றத்தின் செயலாளர் ஓடிவந்து அவர் சட்டைக் கையைப் பிடித்தார்.

"படியிலயே போலாம். உடம்புக்கு நல்லது."

செயலாளர் கனத்த மனிதர். இரண்டாம் மாடிக்குள் இரண்டு தடவை கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். அவர்களுக்கு முன்னாலும் பின்னாலும் அதிகாரிகள் எல்லோரும் படியேறிக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு ஆரோக்கியமான அலுவலகத்தை மெக்கானிக் பார்த்ததே இல்லை.

ஒவ்வொரு மாடியிலும் சுவரில் ஒரே வாசகம் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. "எடுத்தவரே திருப்பித் தர வேண்டும். திறந்தவரே மூட வேண்டும்." மன்றத்தைத் தொடங்கியவர்கள் நிரல் எழுதுகிறவர்களுக்காக எழுதிவைத்த விதி அது. நிரலின் எந்தப் பகுதி ஒரு கோப்பைத் திறக்கிறதோ அந்தப் பகுதியே அதை மூட வேண்டும் என்று அர்த்தம். நல்ல விதி. அது ரொம்ப நல்ல விதியாக இருந்ததால் மன்றம் அதை மனிதர்களுக்கும் பொருத்திவிட்டது. நிரலுக்குப் பொருத்தத்தான் நேரம் கிடைக்கவில்லை.

"இங்க ஒரு குழுவை யார் ஆரம்பிச்சாங்களோ அவங்கதான் கலைக்கணும்" என்று செயலாளர் மூச்சுக்கு நடுவே விளக்கினார். "இன்னொருத்தர் திறந்ததை நாம மூடறது அறம் இல்ல."

"ஆரம்பிச்சவங்க போயிட்டா?"

"போயிட்டாங்க. அதான் குழு இருக்கு."

இருபத்திரண்டு அறைகள், அறுபத்தோரு குழுக்கள். சன்னலுக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று முடிவு செய்யும் குழு பதினாறு வருஷமாக ஒரு நல்ல அறையில் கூடிக்கொண்டிருந்தது. அந்தச் சன்னலை எப்போதோ எடுத்துவிட்டுச் சுவர் வைத்தாகிவிட்டது. அறை கிடைக்காத குழுக்கள் நடைவழியில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தன. ஒரு குழு கழிவறைக்கு வெளியே கூடியது. போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் அது வழிவிட்டு எழுந்து உட்கார்ந்தது.

"அறையெல்லாம் இப்படித் திறந்துக்கிட்டே போனா, ஒருநாள் மொத்தமும் நின்னுடாதுங்களா?" என்று மெக்கானிக் கேட்டார். அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. அவருக்குக் கிண்டல் வராது.

"அதை ஆராய ஒரு குழு போட்டிருக்கோம்."

"அது எங்க கூடுது?"

"இடம் கிடைக்கல" என்றார் செயலாளர்.

மெக்கானிக்கின் சொல்லுக்காக அறுபத்திரண்டாவது குழு திறக்கப்பட்டது. இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில், படி திரும்புகிற இடத்தில் அதற்கு ஒரு ஸ்டூல் கொடுத்தார்கள்.

முதலில் சொந்தப் படைப்புச் சோதனை. அடுத்தவர் எழுதியதைத் திருடிக் கொடுத்துவிடக் கூடாது என்பது மன்றத்தின் உயிர்க்கொள்கை. சோதனை அதிகாரி மெக்கானிக் கொடுத்த தாளைக் கண்ணுக்கு நெருக்கமாக வைத்துப் பார்த்தார். அப்புறம் கணினியில் தட்டினார். அவர் முகம் கறுத்தது.

"இதே சொல் நாற்பத்தோராயிரத்து இருநூறு இடத்துல இருக்கு."

"இருக்கும்ங்க."

"அச்சு அசலா இருக்கு. ஒரு எழுத்துகூட மாறல."

"மூடறதுக்கு மூடுன்னுதானே சார் எழுத முடியும்?"

"மாட்டிக்கிட்ட எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க" என்றார் அதிகாரி வருத்தத்தோடு.

ஆறு வாரம் கழித்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இந்தச் சொல் தன் மனத்தில் தானாகவே தோன்றியது என்று மெக்கானிக் கைப்பட எழுதித் தர வேண்டும். தோன்றிய இடம், தேதி, நேரம், அப்போது அருகில் இருந்தவரின் கையெழுத்து எல்லாம் வேண்டும். அருகில் இருந்தவள் என்று அக்கா கையெழுத்துப் போட்டாள். டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்தி வீங்கிய கை. எழுத்து கோணலாக விழுந்தது.

"உனக்கு மூடுன்னு ஒரு வார்த்தை தோணுச்சுன்னு நான் சாட்சி. நல்ல வேளை, அம்மா இல்ல. இருந்திருந்தா, வாயை மூடுன்னு தினமும் சொன்னது நான்தான்னு வழக்குப் போட்டிருப்பா" என்றாள்.

அடுத்து நெறியாளர் அம்மாள். ஐம்பது வயதிருக்கும், குரல் அவ்வளவு மென்மை, கேட்டாலே குற்றம் செய்துவிட்ட மாதிரி இருக்கும். கோப்பைத் திறக்கிற அந்த வரியை எழுதியவரை மன்றத்தில் முதல் ஆசிரியர் என்பார்கள். அவர் எழுதிய வரிக்குக் கீழே வேறொருவர் எழுத வேண்டுமானால் அவருடைய சம்மதம் வேண்டும்.

"அவர் இறந்து பதினோரு வருஷம் ஆச்சு. ஆனா சம்மதம் கேட்கறதை நாங்க நிறுத்தல. மாசாமாசம் கடிதம் போடறோம்" என்றார் நெறியாளர் அம்மாள்.

தடிமனான கோப்பு ஒன்றைப் பிரித்துக் காட்டினார். முதல் ஆசிரியரின் மனைவி ஒவ்வொரு கடிதத்துக்கும் பதில் போட்டிருந்தார். ஆரம்பத்துப் பதில்கள் நீளமானவை. அவர் எப்படி இறந்தார், எவ்வளவு நல்லவர் என்றெல்லாம் இருந்தன. போகப்போகச் சுருங்கின. கடைசி மூன்று வருஷமாக ஒரே வரி: "இன்னும் அப்படியேதான் இருக்கிறார்." கோப்பின் மேலட்டையில் "பரிசீலித்து வருகிறார்" என்று மன்றம் எழுதியிருந்தது.

"அவர் மறந்திருப்பாரும்மா. கோப்பை மூட மறந்திருப்பார். அவ்வளவுதான்."

"மூடணும்னு நினைச்சிருந்தா மூடியிருப்பார். ஒரு பெரியவர் ஒண்ணைத் திறந்து வெச்சுட்டுப் போறார்னா அவர் மனசுல என்ன இருந்துச்சோ, நமக்கென்ன தெரியும்? நீங்க எழுதற ஒரு சொல் அவரோட வரி போதாதுன்னு சொல்லுது. அந்த வலி அவருக்கு இருக்காதா?"

"எங்க அக்கா அந்த லிஃப்ட்லதாம்மா வாரத்துல மூணு நாள் போய் வரணும். அவங்களுக்கு வலி இருக்கு. அவங்க உயிரோட இருக்காங்க."

"உயிரோட இருக்கறவங்க தங்களுக்காகத் தாங்களே பேசிப்பாங்க. செத்தவங்களுக்குப் பேச நாங்கதான் இருக்கோம்" என்றார் அம்மாள். அதைச் சொன்னபோது அவர் கண் கலங்கியது. நடிப்பில்லை, அவருக்கு நிஜமாகவே அப்படிக் கலங்கும்.

ஆனால் ஒரு சலுகை இருந்தது. பிழை உண்மையிலேயே நடப்பதை மன்றத்தின் சாட்சிகள் மூன்று பேர் இயற்கையான நிலையில் கண்ணால் பார்த்துக் கையெழுத்திட்டால், இறந்தவர் சம்மதித்ததாக வைத்துக்கொள்ளலாம்.

"கடைசியா லிஃப்ட் எப்ப நின்னுது?" என்று கேட்டார் செயலாளர்.

"நான் நிக்க விடறதில்லீங்க. தொள்ளாயிரம் ஆகறதுக்குள்ள அணைச்சுப் போட்டுடுவேன்."

செயலாளர் அதைத் தாளில் எழுதிக்கொண்டார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம் என்று மெக்கானிக்குக்கு அப்போதுதான் உறைத்தது.

"அப்ப இவ்வளவு நாளா பிழையை மறைச்சதே நீங்கதானா?" என்றார் செயலாளர்.

இரண்டு நாள் கழித்து, மெக்கானிக் வேறொரு கட்டடத்தில் மோட்டாருக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது, மன்றத்தின் ஆட்கள் வந்து அவர் கட்டடத்துச் சுவிட்சுக்கு ஈய முத்திரை வைத்தார்கள். முத்திரையை உடைத்தால் பெட்டி நிரந்தரமாக நின்றுவிடும், அவர் கொடுத்த திருத்தமும் ரத்தாகும் என்று தாள் ஒட்டினார்கள். மேலே மோட்டார் அறையைப் பூட்டிச் சாவியை ஒரு சாட்சி எடுத்துக்கொண்டார். இதற்காக லிஃப்டைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை நிறுத்தி வைத்தார்கள். அது அக்காவின் டயாலிசிஸ் நாள். நாற்காலியோடு ஒன்பதாம் மாடிக் கதவுக்கு முன்னால் இரண்டு மணி நேரம் காத்திருந்துவிட்டு வீட்டுக்குள் திரும்பிப் போனாள்.

"போன் பண்ணியிருக்கலாமே. நான் வந்து தூக்கிட்டு இறங்கியிருப்பேன்."

"வேலையில இருப்பேன்னு விட்டுட்டேன்டா. விடு. டாக்டர் நாளன்னைக்கு மதியம் ரெண்டரைக்கு வரச் சொல்லிட்டார். இதுவும் தப்பிடக் கூடாதுன்னு திட்டினார்."

கால் வீங்கியிருந்தது. முகமும் உப்பியிருந்தது. அவள் சிரித்தபோது கண் தெரியவில்லை. தம்பி அவள் காலுக்கடியில் ஒரு தலையணையை வைத்தார்.

டாக்டர் வரச் சொன்ன அதே நாள்தான் மன்றத்தின் தலைவர் முன்னால் விசாரணை, காலை ஒன்பது மணிக்கு. வராவிட்டால் மூன்று வருஷத்துக்கு மறுபடி திருத்தம் கொடுக்க முடியாது. கிளம்பும்போது மெக்கானிக் பெட்டியைப் பார்த்தார்: எழுநூற்று நான்கு. ஒரு நாளைக்கு முந்நூற்று நாற்பது ஓட்டம் என்பது அவருக்கு மனப்பாடம். மதியத்துக்குள் எண்ணூற்று எழுபதைத் தாண்டாது. ஏறி வந்து சொன்னார்: "நான் ஒரு மணிக்கெல்லாம் வந்துடுவேன். ஒருவேளை வரலேன்னா நீயே இறங்கு, கீழ வண்டிக்காரர் நிப்பார். இன்னிக்கு லிஃப்டைப் பத்திப் பயமே வேண்டாம்."

அவருடைய கணக்கில் தப்பு இல்லை. சாட்சிகளை அவர் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

மன்றத்தின் வாசலில் வரவேற்புப் பெண் அவருடைய போனை வாங்கித் தட்டில் வைத்துக்கொண்டாள். விசாரணை பதினொன்றரைக்குத் தொடங்கியது. தலைவர் மெலிந்து, நிமிர்ந்து, தன் பேச்சுக்குத் தானே தலையாட்டுகிற மனிதர்.

"உலகத்துல எல்லாரும் பூட்டி வெக்கறாங்க. நாங்க திறந்து வெச்சோம்" என்று ஆரம்பித்தார். "யார் வேணாலும் வரலாம், யார் வேணாலும் திருத்தலாம். இருபது வருஷத்துல எத்தனை பேர் திருத்தம் கொண்டுவந்தாங்க தெரியுமா? ஒன்பதாயிரம் பேர். ஒருத்தரையும் நாங்க வேண்டாம்னு சொன்னதில்ல. எத்தனையை ஏத்துக்கிட்டோம்னு சிலர் கேட்கறாங்க. ஏத்துக்கறது சுலபம். ஒன்பதாயிரம் பேரையும் மரியாதையா நடத்தினோமே, அது கஷ்டம். அவங்கள்ல நானூறு பேர் இன்னும் நம்ம படிக்கட்டுலதான் உட்கார்ந்திருக்காங்க. பாத்திருப்பீங்க."

மெக்கானிக் பார்த்திருந்தார். ஏதோ குழு என்று நினைத்திருந்தார்.

பேச்சு ஒரு மணி நேரத்தைத் தாண்டியபோது செயலாளர் ஒரு துண்டுத் தாளைக் கொண்டுவந்து நீட்டினார். தலைவர் முகம் மலர்ந்தது.

"சாட்சிகள் தகவல் அனுப்பியிருக்காங்க. ஓட்டக் கணக்கு தொள்ளாயிரத்துத் தொண்ணூறு."

மெக்கானிக் எழுந்தே விட்டார். "அது எப்படிங்க? காலையில எழுநூத்தி நாலு. நானே பாத்தேன்."

"நம்ம சாட்சிகள் சுறுசுறுப்பானவங்க. சும்மா உட்காராம அவங்களே காலையிலேருந்து மேலயும் கீழயும் போய் வந்து எண்ணிக்கையைக் கூட்டியிருக்காங்க. சாயங்காலத்துக்குள்ள முடிச்சுடலாம்னு."

"இயற்கையான நிலையில பாக்கணும்னு சொன்னீங்களே."

"அதனாலதான் தொள்ளாயிரத்துத் தொண்ணூறுல இறங்கிட்டாங்க. மீதியை மக்கள் இயற்கையா பாத்துப்பாங்க."

மெக்கானிக் படியில் தாவி இறங்கினார். வாசலில் தட்டு நிறையப் போன்கள் இருந்தன. அவருடையதும் கண்ணுக்குத் தெரிந்தது. காவலாளி தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். போனை எடுத்த பெண் சாப்பிடப் போயிருக்கிறாள், எடுத்தவரேதான் திருப்பித் தர வேண்டும், சுவரில் எழுதியிருக்கிறது பாருங்கள் என்றார். மெக்கானிக் அவர் காலைப் பிடித்தார். காவலாளிக்கு அது ரொம்பச் சங்கடமாக இருந்தது. "எனக்கும் அக்கா தங்கச்சி இருக்காங்க சார்" என்றாரே தவிர, தட்டை விடவில்லை.

இரண்டு பஸ் மாறி அவர் வந்து சேர்ந்தபோது மணி மூன்று ஐந்து. லிஃப்ட் ஆறாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் நின்றிருந்தது. பெட்டிக்கு முன்னால் இரண்டு சாட்சிகள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாமவர் கையெழுத்துப் போடும்வரை எதையும் தொடக் கூடாது என்றார்கள். மூன்றாமவர் எங்கே? சாப்பிடப் போயிருக்கிறார். மோட்டார் அறைச் சாவி? அவரிடம்தான்.

மெக்கானிக் அவர்களோடு பேசி நேரத்தை வீணாக்கவில்லை. ஒன்பது மாடியும் ஏறி, மோட்டார் அறைப் பூட்டை இரும்புக் கம்பியால் உடைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றி லிஃப்டை ஐந்தாம் மாடிக்கு இறக்கினார். பிறகு ஓடிவந்து கதவை நெம்பினார். அக்கா நாற்காலியில் இருந்தாள். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. மடியில் ஆஸ்பத்திரி அட்டையைப் பத்திரமாகப் பிடித்திருந்தாள். இதயம் நின்றுவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஒரு தடவை தப்பினாலே ஆபத்து, அடுத்ததும் தள்ளிப்போய், அதிலும் இந்தப் புழுக்கத்தில் அடைபட்டு என்று சொல்லிக்கொண்டே போன டாக்டர், அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

பத்தாம் நாள் மன்றத்தின் அறிக்கை தபாலில் வந்தது. நேர்த்தியான தட்டச்சு, மூன்று கையெழுத்து.

"மதியம் 1.58. லிஃப்ட் ஒன்பதாம் மாடியில். எண்ணிக்கை 1024. சக்கர நாற்காலியில் ஒரு பெண் பயனாளி வந்தார். லிஃப்ட் சரியாக இருக்கிறதா என்று சாட்சியிடம் கேட்டார். சாட்சி சோதனையில் தலையிடக் கூடாது என்பதால் பதில் அளிக்கப்படவில்லை. பயனாளி நன்றி சொல்லிவிட்டு ஏறினார். 1.59. பிழை நிகழ்ந்தது. 2.04 முதல் பயனாளி உள்ளிருந்து தம்பி என்று அழைத்தார். மொத்தம் பதினேழு முறை. 2.50க்குப் பிறகு அழைக்கவில்லை. வேறு குறிப்பிடத்தக்க நிகழ்வு எதுவும் இல்லை. பிழை ஐயத்துக்கு இடமின்றி உறுதி செய்யப்படுகிறது. முதல் ஆசிரியர் சம்மதித்ததாகக் கொள்ளப்படுகிறது."

மெக்கானிக் அதை எத்தனை தடவை படித்தார் என்று அவருக்கே தெரியாது. ஒவ்வொரு தடவையும் பதினேழு என்ற எண்ணில் நின்றார். அன்றைக்கு 2.04க்கு அவர் முதல் பஸ்ஸில், சிக்னலில் நின்றுகொண்டிருந்தார்.

ஒரு மாதத்தில் திருத்தம் ஏறியது. அந்த லிஃப்டில் முதலில் தொடங்கி வைக்கத் தலைவரே வந்தார். செயலாளரும் நெறியாளர் அம்மாளும் கூட வந்தார்கள். கட்டடத்து மக்கள் தரைத்தளத்தில் கூடினார்கள். லிஃப்டுக்குள் புதிதாக ஒரு திரை வைத்திருந்தார்கள். பதிவேட்டுக்கு என்று செயலாளர் கேட்டு வாங்கிப் போன அக்காவின் போட்டோ அதில் சிரித்தது. கீழே, "பிழையை உறுதிசெய்ய உதவிய பயனாளிக்கு நன்றி" என்று எழுத்து ஓடியது. பேரைப் போடவில்லை. தனிநபர் அந்தரங்கம் காப்பது மன்றத்தின் கொள்கை.

"ஒரு சாதாரண மனுஷன் கொண்டுவந்த ஒரு சொல்லை இந்த மன்றம் ஏத்துக்கிச்சு" என்று தலைவர் பேசினார். "வேற எந்த நாட்டுல, எந்த அமைப்புல இது நடக்கும்? ஒரு உயிர் போச்சு, வருத்தம்தான். ஆனா நடைமுறை பிழைச்சுது. உயிர் போனா ஒரு குடும்பத்துக்கு நஷ்டம். நடைமுறை போனா எல்லாருக்கும் நஷ்டம். இனிமே இந்த லிஃப்ட் ஓடற ஒவ்வொரு தடவையும் அந்த அம்மா முகம் திரையில வரும். அப்படி ஒரு அஞ்சலியை நம்ம குழுவே கைப்பட எழுதியிருக்கு."

கைதட்டினார்கள். மெக்கானிக்கின் கையில் புதிய நிரலின் அச்சுத் தாளைச் செயலாளர் நினைவுப் பரிசாகக் கொடுத்திருந்தார். பழக்கதோஷம், அவர் படித்தார். அவருடைய வரி இருந்தது: மூடு. அதற்குக் கீழே அஞ்சலிக் குழு எழுதிய வரிகள். ஓட்டம் ஒவ்வொன்றுக்கும் போட்டோவுக்கு ஒரு கோப்பு திறந்தது. நன்றி வாசகத்துக்கு இன்னொரு கோப்பு திறந்தது. அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றுமில்லை.

செயலாளரின் காதருகே போனார். "இதுல ரெண்டு திறக்குது சார். ரெண்டையும் மூடல."

"தெரியும். உங்க வரியை அதுக்கும் போடலாம்னு நானே சொன்னேன். ஆனா திறந்தது அஞ்சலிக் குழு. அவங்கதான் மூடணும். அவங்க கூடறதுக்கு இன்னும் அறை கிடைக்கல."

"அப்ப சுவிட்சு முத்திரையையாவது எடுத்துடுங்க. நானே அணைச்சுப் போட்டுக்கறேன்."

"வெச்சவர் மாத்தலாகிப் போயிட்டாரே" என்றார் செயலாளர். அவருக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

ஓட்டத்துக்கு இரண்டு. ஆயிரத்து இருபத்து நான்கில் பாதி ஐந்நூற்றுப் பன்னிரண்டு. மூன்று நாள் என்று இருந்தது இப்போது ஒன்றரை நாள். மெக்கானிக் மனத்துக்குள் கணக்குப் போட்டு முடித்தபோது கூட்டம் லிஃப்டுக்குள் ஏறத் தொடங்கியிருந்தது.

"ஏறாதீங்க" என்றார். "இது நின்னுடும். ஏறாதீங்க."

"உங்க அக்கா படம் இருக்கற லிஃப்ட்ல நாங்க ஏறாம இருப்பமா?" என்றாள் ஏழாம் மாடிக்காரி, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு. ஏறியதும் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கதவு மூடிக்கொண்டு லிஃப்ட் மேலே போனது. பெட்டியின் முகத்தில் ஒன்று என்று விழுந்தது.

அது திரும்பி வந்து பெட்டி இரண்டு என்று காட்டியதும் மெக்கானிக் கதவைக் கையால் பிடித்து நிறுத்தினார். உள்ளே அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் மாடிக்கு வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போவதாகத் தலைவர் முன்பே சொல்லியிருந்தார்.

"வாங்க சார். மேலதான் வீடு. அக்காவோடயே போலாம்."

தலைவர் திரையைப் பார்த்தார். கைகூப்பினார். செயலாளரும் நெறியாளர் அம்மாளும் அதற்குள் படிக்கட்டுப் பக்கம் போயிருந்தார்கள்.

"இல்ல தம்பி, படியிலயே வரேன். உடம்புக்கு நல்லது" என்றார் தலைவர்.

மூன்று பேரும் ஒன்பது மாடி ஏறப் போகிற சத்தம் படிக்கட்டில் கேட்டது. மெக்கானிக் கதவை விட்டார். சட்டைப் பையிலிருந்து சாக்குக்கட்டியை எடுத்து, சுவரில் பழைய எண்களுக்குக் கீழே இரண்டு என்று எழுதினார்.